மைக்ரோசாஃப்ட் மேத்தமேட்டிக்ஸ் 4.0: நிறுத்திய பிறகும் ஓடுகிற வரைபடக் கருவி

மைக்ரோசாஃப்ட்டின் என்கார்ட்டா கலைக்களஞ்சியத்தோடு சேர்த்து விற்ற ஸ்டூடண்ட் தொகுப்பில் ஒரு துணைக் கருவியாகத்தான் இந்தக் கணித மென்பொருள் முதலில் வந்தது. 2007-இல் மேத் 3.0 என்று தனியாக, சுமார் 20 டாலருக்குக் கிடைத்தது. 2011 ஜனவரியில் பெயரை மாற்றி 4.0-ஐ இலவசமாகவே கொடுத்தார்கள். அதோடு சரி, 5.0 வரவே இல்லை. தரவிறக்கப் பக்கத்தையும் பிறகு எடுத்துவிட்டார்கள். பழைய செட்டப் கோப்பு கையில் இருந்தால் விண்டோஸ் 10-இல் இன்றும் ஓடும்.

நிறுவும்போது முதலில் இடறுவது டாட்நெட் 3.5, அதாவது இந்த மென்பொருள் ஓடத் தேவையான விண்டோஸ் துணைக்கூறு. புதிய விண்டோஸில் இருப்பது 4.x, அது 3.5-க்கு ஈடாகாது. கன்ட்ரோல் பேனலில் 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' போய் 3.5-ஐ டிக் செய்துவிட்டு, பிறகு செட்டப்பை ஓட்டுங்கள்.

புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்புவது கோண அலகில். டிகிரியில் வைத்துவிட்டு y = sin(x) வரைந்தால் அலையே தெரியாது; x அச்சை ஒட்டி ஒரு கோடு மட்டும் கிடக்கும். x -10 முதல் 10 வரை போனால், டிகிரியில் சைன் மதிப்பு 0.18-ஐத் தாண்டாது, அவ்வளவுதான் விஷயம். ரேடியனுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் x எல்லையை -360 முதல் 360 என்றும், y எல்லையை -2 முதல் 2 என்றும் வையுங்கள். அதேபோல x² + y² = 25 முட்டை மாதிரி வந்தால் சமன்பாட்டைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டு அச்சின் அளவுகோலும் ஒன்றாக இல்லை. 'புரொபோர்ஷனல் டிஸ்ப்ளே' பொத்தானை அழுத்தினால் வட்டமாகிவிடும்.

வகுப்பறைக்கு இதில் உள்ள அருமையான வசதி அனிமேட். y = a·sin(b·x) என்று எழுதி வரைந்ததும் கிராஃப் கன்ட்ரோல்ஸில் a, b இரண்டும் வந்து நிற்கும். b-யைத் தேர்ந்து, கீழ், மேல் எல்லைகள் கொடுத்து ஓடவிட்டால் அலை நெருங்குவதையும் விரிவதையும் கண்ணாலேயே பார்க்கலாம். கரும்பலகையில் இதற்கு ஐந்து படமாவது போட வேண்டும். 3டியில் z = x² - y² கொடுத்தால் குதிரைச் சேணம் போன்ற பரப்பு; மவுஸால் இழுத்துத் திருப்பலாம்.

2020-இல் விண்டோஸ் கால்குலேட்டருக்கே வரைபட வசதி வந்துவிட்டது. ஸ்லைடர் உண்டு, 3டி கிடையாது. இருபடிச் சமன்பாட்டைப் படிப்படியாகத் தீர்த்துக் காட்டுவதும் அதில் இல்லை. எனவே பழையதை அழிக்க அவசரம் வேண்டாம். ஆனால் இந்த மென்பொருள் சேமிக்கும் ஜிசிடபிள்யூ (.gcw) கோப்புகளை மட்டும் நம்பியிருக்காதீர்கள். வேறு மென்பொருள் அவற்றைத் திறக்காது. தேவையான வரைபடங்களைப் படமாக ஏற்றுமதி செய்து, சமன்பாட்டையும் அச்சு எல்லைகளையும் பக்கத்திலேயே ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி வையுங்கள்.