கார் கண்ணாடி வாஷர் தண்ணீர் அடிக்கவில்லையா? நாசிலைச் சுத்தம் செய்தால் போதுமா, புது மோட்டாரா?

சம்பா அறுவடை நேரத்தில் மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் கார் ஓட்டினால் கண்ணாடி முழுக்க வைக்கோல் தூசிதான். அந்த நேரத்தில் வாஷர் வேலை செய்யாவிட்டால் ஆபத்து. டேங்கில் தண்ணீர் இருந்தும் நாசில் (தண்ணீர் பீய்ச்சும் சிறு துவாரம்) வழியே வரவில்லை என்றால், வாஷர் லீவரை இழுத்து, மோட்டார் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

சத்தம்
நாசில்: 'உய்ங்' என்று கேட்கும், தண்ணீர் வராது. அடைப்பு, இல்லையென்றால் டியூப் கழன்றிருக்கும்.
மோட்டார்: சத்தமே இருக்காது. முதலில் ஃபியூஸ், அப்புறம் ஒயர் இணைப்பு, கடைசியில்தான் மோட்டார்.

செலவு
நாசில்: ஒரு குண்டூசி.
மோட்டார்: பொருள் விலை, கூலி இரண்டும்.

சுலபம்
நாசில்: ஊசியை மெதுவாக விட்டால் போர் தண்ணீரின் வெள்ளை உப்பு பொடியாக உதிரும். அழுத்தினால் துவாரத்தின் கோணம் மாறி, தண்ணீர் கூரைக்கு மேல் பாயும்.
மோட்டார்: பல கார்களில் பம்பரைக் கழற்ற வேண்டும். மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

எவ்வளவு நாள் உழைக்கும்
நாசில்: உப்புத் தண்ணீரே ஊற்றினால் மறுபடி அடைக்கும்.
மோட்டார்: டேங்க் அடியில் உள்ள சேற்றைக் கழுவாமல் மாட்டினால் புதியதும் திணறும்.

சத்தம் கேட்டால் டியூப் கழன்றிருக்கிறதா என்று பார்ப்பதோடும் ஊசியோடும் நிறுத்துங்கள். ஃபியூஸும் ஒயரும் சரியாக இருந்தும் சத்தமில்லை என்றால் தயங்காமல் மோட்டாரை மாற்றுங்கள். எதைச் செய்தாலும் டேங்கில் சோப்புத்தூள் மட்டும் போடாதீர்கள்.