மாதுளைத் தோல் சாறு: கோழித் தண்ணில ஊத்திப் பாத்தாச்சு

உசிலம்பட்டி பக்கம் நமக்கு சின்னதா ஒரு பிராய்லர் ஷெட்டு இருக்கு. மருந்துக்கடை அண்ணே "இதத் தண்ணில ஊத்துங்க தம்பி, கறி நல்லாருக்கும்"னு மாதுளைத் தோலும் ஆரஞ்சுத் தோலும் சேந்த சாறு கேன் ஒண்ண தலைல கட்டிட்டாரு, சரி ஒரு பேட்ச் பாப்பமேன்னு வாங்கிட்டு வந்தேன்.

மொத நாளே கோழிங்க தண்ணியவே தொடல. தோல்ல இருக்கற டானின் தொவர்ப்பு, அதுங்களுக்கு நாக்கு இல்லன்னா நெனச்சீங்க? சித்திரை வெயில்ல தண்ணி குடிக்கலன்னா தீவனமும் எறங்காது, அதனால அளவ பாதியாக்கி காலைல மட்டும் குடுத்தேன், ரெண்டு நாள்ல பழகிருச்சு. லசோட்டாங்கற வெள்ளக்கழிச்சல் நோய்த் தடுப்பூசி தண்ணில குடுக்கற அன்னைக்கு இத சுத்தமா நிறுத்திருங்க.

கடுப்பு எங்கன்னா, அடியில கசடு நிக்குது, கோழி கொத்திக் குடிக்கற நிப்பிள் குழாய் அடைச்சிக்கிச்சு, வடிகட்டித்தான் ஊத்தணும். லேபிள்ல அளவும் சரியா போடல, போன் பண்ணா எடுக்கல.

கறி? தோல்ல உள்ள பாலிஃபீனால்ங்கற பொருள், கொழுப்பு சிக்கடிக்கறத தள்ளிப்போடும்னு சொல்வாங்க. வீட்டுக்கு அறுத்தத ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாள் வச்சு கொழம்பு வச்சோம், அந்த பழைய வாடை கம்மிதான், மதினியே சொன்னாங்க. ஆனா எடை ஒண்ணும் கூடல, எடைக்குத்தான வியாபாரி காசு குடுக்கறாரு!

அஞ்சுக்கு மூணு. அடுத்த பேட்ச்சுக்கு ஜூஸ் கடைத் தோல காயவச்சு நானே ஊறவச்சுப் பாக்கப்போறேன், பூஞ்சை புடிக்காம காயணும், அதான் பாடு.