டைமண்ட் ஹெட் போகிறீர்களா? 196 டாலரை விட்டுவிட்டு எழுதுகிறேன்

ஹவாய் போக டிக்கெட் போட்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். இன்னும் கோபம் அடங்கவில்லை, அதனால் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

ஹோனலூலுவில் வைக்கிக்கி கடற்கரைக்குப் பக்கத்திலேயே டைமண்ட் ஹெட் என்று ஓர் அணைந்துபோன எரிமலை இருக்கிறது. சுரங்கச் சாலை வழியாக அதன் வாய்க்குள்ளேயே வண்டி போகும். உள்ளே இறங்கி, விளிம்பின் உச்சிக்கு ஒன்றேகால் கிலோமீட்டர் நடை, ஏற்றம் சுமார் 170 மீட்டர். 1908இல் அமெரிக்க ராணுவம் கடலோரக் காவலுக்காகப் போட்ட பாதை. மெதுவாகப் போனால் மாமியாரே ஏறிவிடுவார் என்றுதான் கிளம்பினோம். ஹவாயில் வசிக்காதவர்களுக்கு 2022 மே மாதத்திலிருந்து முன்பதிவு கட்டாயம். அரசு வாங்கும் கட்டணம் தலைக்கு 5 டாலர். நாங்கள் கொடுத்தது 49.

இணையத்தில் தேடியதும் முதலில் வந்து நின்றது ஒரு டூர் புக்கிங் தளம். 'உச்சியில் சூரிய உதயம், ஹோட்டல் வாசலில் பிக்கப், வழிகாட்டி, நுழைவு' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். போன் செய்து கேட்டோம். பேசிய பெண் விலையைப் பற்றியே பேசவில்லை. "பெரியவருக்கு முழங்கால் வலி உண்டா? டிரைவரிடம் சொல்லி முன்சீட் வைக்கச் சொல்கிறேன்" என்றார். அவ்வளவு அக்கறை! மனைவி அப்போதே கார்டை எடுத்துக் கொடுத்துவிட்டாள். நாலு பேருக்கு 196 டாலர்.

காலை ஐந்து மணிக்கு வேன் வரும் என்றார்கள். வரவில்லை. போன் எடுக்க ஆள் இல்லை. விடிந்து வெயிலும் வந்த பிறகு டாக்சி பிடித்து நாங்களே போனோம். கேட்டில் இருந்தவர் எங்கள் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தார், சிவப்பு விளக்கு. என் போனை வாங்கி, டிக்கெட்டை விரலால் பெரிதாக்கி, அடியில் சாம்பல் நிறத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்: நுழைவு அனுமதி இதில் சேராது. கேட் திறப்பதே ஆறு மணிக்கு என்றும் சொன்னார். ஜூன் மாதத்தில் அங்கே ஆறு மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடுகிறது. அப்படியென்றால் உச்சியில் சூரிய உதயம் என்று விற்றதே பொய்தானே?

காலை நேரமெல்லாம் நிரம்பிவிட்டது. மாநிலப் பூங்காத் துறையின் தளத்தில் மதியத்துக்கு இடம் கிடைத்தது, நாலு பேருக்கு 20 டாலர். உச்சி வெயிலில் ஏறினோம். மாமியார் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் மகளும் மட்டும் சுரங்கத்தையும் 99 படிகளையும் தாண்டி மேலே போனோம். காட்சி அருமைதான், மறுக்கவில்லை. முன்னொரு காலத்தில் வந்த மாலுமிகள் இங்கே மின்னிய கால்சைட் என்ற கனிமப் படிகத்தை வைரம் என்று நம்பினார்களாம். அவர்களிடம் யாரும் 196 டாலர் வாங்கவில்லை.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் சாட்டில் ஒரு இயந்திரம், "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று திரும்பத் திரும்ப. அடுத்து ஒரு ஆள் வந்து, வேன் வந்தது, நீங்கள்தான் வாசலில் இல்லை என்றார். வண்டி நம்பர் கேட்டேன், பதில் இல்லை. பிறகு, நாங்கள் இடைத்தரகர்தான், டூர் நடத்துகிறவரிடம் கேளுங்கள் என்று ஒரு நம்பர் கொடுத்தார்கள். அடித்தால் அதே பெண், அதே குரல்! முழங்கால் விசாரிப்பெல்லாம் இந்த முறை இல்லை. கடைசியில் அடுத்த புக்கிங்குக்கு 15 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். 196 டாலருக்குக் கூப்பன்!

விவரமாக டிப்ஸ் எழுத நினைத்தேன், இப்போது மனம் இல்லை. அரசுத் தளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள், 30 நாள் முன்பே திறந்துவிடும். தள முகவரி 'டாட் கவ்' (.gov) என்று முடிகிறதா என்று பாருங்கள். சாம்பல் எழுத்தைப் பெரிதாக்கிப் படியுங்கள். பணத்தைக் கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், 196 டாலரில் ஒரு டாலர்கூட இதுவரை திரும்பவில்லை.