கம்பெனி சர்வீஸா, நம்ம ஒர்க்‌ஷாப்பா: பெட்ரோல் குட்டியானைக்கு எது சரிப்படும்?

என்னிடம் ஒரு பெட்ரோல் குட்டியானை, மச்சானிடம் அதே மாடலில் இன்னொன்று. 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது விழுந்த அந்தப் பெயர் இப்போது எந்தக் கம்பெனியின் சின்ன லோடு வண்டிக்கும் ஒட்டிக்கொண்டது, அதனால் எங்களுடையது எது என்று சொல்லாமலே விஷயத்துக்கு வருகிறேன். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை பக்கம் ஏத்தன் வாழைக்குலை ஏற்றி வடசேரி சந்தைக்கு அடிப்பவன். அவனுக்கு முட்டம், குளச்சல் பக்கம் மீன் பெட்டி ஓட்டம். அவன் வண்டிக்கு வாரண்டி இன்னும் இருப்பதால் கம்பெனி சர்வீஸை விட்டு நகர்வதில்லை. நான் வாரண்டி முடிந்த மறுமாதமே தக்கலை பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்கு மாறிவிட்டேன். இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் ஆயில். கம்பெனியில் சரியான கிரேடு, ஒரிஜினல் ஃபில்டர், பில், எல்லாம் ஒழுங்கு. ஆனால் அவர்கள் பார்ப்பது மீட்டரை மட்டும்தான். மேனுவலில் கிலோமீட்டர் ஒன்று, மாதம் ஒன்று என்று இரண்டு கணக்கு போட்டிருக்கும், எது முதலில் வருகிறதோ அதில் மாற்ற வேண்டும். கடினமான ஓட்டத்துக்கு இன்னும் சீக்கிரம் மாற்றச் சொல்லித் தனியாக ஒரு பக்கமும் இருக்கும். துறையிலிருந்து ஐஸ் கம்பெனி, அங்கிருந்து சந்தை என்று மூன்று மூன்று கிலோமீட்டராக நாள் முழுக்க நின்று நின்று ஓடும் வண்டி அந்தப் பக்கத்தில்தான் வரும், ஆனால் மச்சானிடம் "எப்படி ஓட்டுறீங்க" என்று கவுண்டரில் ஒருத்தரும் இதுவரை கேட்டதில்லை. இன்ஜின் முழுசாகச் சூடாகும் முன்பே அணைத்துக்கொண்டிருந்தால் எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்துகொண்டே இருக்கும். எங்கள் மெக்கானிக் ஆயில் கம்பியை உருவி, விரலில் தேய்த்து, மூக்கருகே கொண்டு போவார். பெட்ரோல் வாடை அடித்தால் கிலோமீட்டர் கணக்கெல்லாம் கேட்க மாட்டார், மாற்றச் சொல்லிவிடுவார். ஆயில் ஃபில்லர் மூடிக்கு அடியில் மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தாலும் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அது குளிர்ந்த ஓட்டத்தாலா, கேஸ்கெட் போனதாலா என்று பார்க்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் ஒரே வில்லங்கம், பீப்பாயிலிருந்து ஊற்றும் லூஸ் ஆயில். நான் மேனுவலில் சொன்ன கிரேடைச் சீல் கேனாக வாங்கிக்கொண்டு போய்விடுவேன், அவர் கோபப்பட்டதில்லை.

பிளக் விஷயத்தில் எனக்கு ஒர்க்‌ஷாப்தான். டாடா ஏஸ் பெட்ரோல் 694 சிசி, 2 சிலிண்டர், 2 பிளக். மாருதி சூப்பர் கேரியில் 4. கழற்றிப் பார்ப்பது பெரிய வேலையில்லை. கம்பெனியில் கழற்றுவார்கள், புதுசு போடுவார்கள், பழையதை நாம் கேட்டால்தான் கண்ணில் காட்டுவார்கள். ஒர்க்‌ஷாப்பில் அதைப் பழைய துணி மேல் வரிசையாக வைத்து, எந்தச் சிலிண்டரில் இருந்தது எது என்று விரல் வைத்துக் காட்டுகிறார். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நிம்மதி. கரி மாதிரி உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, ஏர் ஃபில்டர் அடைப்பிலிருந்து பார்த்து வரலாம். எண்ணெய் ஈரமாக மினுங்கினால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம், செலவு வருகிறது என்று இப்போதே தெரிந்துகொள்ளலாம்.

ஏர் ஃபில்டருக்கு ஒரே வரி: ஆரல்வாய்மொழி காற்றில் ஓடுகிறவர்கள் சீக்கிரம் மாற்றிவிடுங்கள், காற்றடித்துச் சுத்தம் செய்வதானால் உள்ளிருந்து வெளியே அடிக்கச் சொல்லுங்கள்.

செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் மட்டும் நான் பெருமை பார்க்காமல் கம்பெனிக்குத்தான் போவேன். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவை எல்லாம் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்தவை, சென்சார் நிறைய. எங்கள் ஒர்க்‌ஷாப்பிலும் கையடக்க ஸ்கேனர் இருக்கிறது, என்ன கோளாறு என்று வண்டி பதிந்து வைக்கும் எர்ரர் கோடை (code) வாசிக்கிறது, அதற்கு மேல் உள்ளே இறங்கிப் பார்க்க அதால் முடியாது. விளக்கு விட்டுவிட்டு மின்னினால் பெரும்பாலும் ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது. அதோடு லோடு இழுத்தால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் இருந்து புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே கருக்கிவிடும், அது விலை கூடிய சாமான். அந்த எர்ரர் கோடை மட்டும் அழித்துவிட்டு "போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்று அனுப்புகிற ஆளிடம் கொடுத்தீர்களோ, கதை முடிந்தது.

கூலண்டிலும் ஒர்க்‌ஷாப் தோற்கும். எங்கள் ஆளே ஒரு தடவை கிணற்றுத் தண்ணீரை வாளியோடு கொண்டு வந்தார். கடலோரக் கிணறு, உப்பு, ரேடியேட்டருக்குள் காறை பிடிக்கத் தோதான தண்ணீர். கையைப் பிடித்து நிறுத்திவிட்டு மேனுவலில் சொன்ன கூலண்டை நானே வாங்கி வந்து ஊற்றினேன்.

இனி நம் மாவட்டத்துக்கே உரிய சங்கதி. உப்பு. ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை, நடுவில் கடல் காற்று, மச்சான் வண்டிக்கு இதெல்லாம் போதாதென்று பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் வேறு. போன வருஷம் அவன் வண்டி பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுத்தது. சர்வீஸ் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, பில்லில் பிரேக் செக் என்று டிக்கும் இருக்கிறது. தக்கலைக்குக் கூட்டி வந்தேன். பின் டிரம்மைச் சுத்தியலால் நாலு தட்டு தட்டிக் கழற்றினால் உள்ளிருந்து மஞ்சள்பொடி மாதிரி துரு கொட்டுகிறது, கூடவே பழைய மீன் வாடை. ஒரு பக்க ஷூவில் கனம் நிறைய பாக்கி இருக்கிறது, ஆனால் தள்ள வேண்டிய வீல் சிலிண்டர் இறுகிப் போயிருந்தது. "ஓடித் தேயல அண்ணாச்சி, உப்புல செத்திருக்கு" என்றார் மெக்கானிக். டிரம்மைக் கழற்றாமல் மிதித்துப் பார்த்தே டிக் போட்டிருக்கிறார்கள் என்பது என் சந்தேகம், மச்சான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கே வண்டியடியில் படுத்துப் பார்த்தோம். தொட்டியிலிருந்து தண்ணீர் வடியும் இடத்துக்கு நேர் கீழே சேஸிஸில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது, ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் ஓடு ஓடாகப் பெயர்கிறது. ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவிலும் துரு. கம்பெனிக்காரர்கள் அண்டர் கோட்டிங் என்று காசு வாங்கி அடித்துத் தருகிறார்கள், அடிப்பதும் நல்லதுதான், ஆனால் உப்பைக் கழுவிக் காயவிடாமல் மேலே அடித்தால் துருவை உள்ளே வைத்துப் பூட்டின மாதிரி. இந்த விஷயத்தில் இரண்டு பேரையும்விட வீட்டு ஹோஸ்தான் பெரிசு. மீன் லோடு இறக்கின அன்றைக்கே நல்ல தண்ணீரால் தொட்டியையும் அடிப்பாகத்தையும் அலசிவிட்டு, வண்டியைக் கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக மிதித்து மிதித்து ஓட்டிக் காயவிட வேண்டும். ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் இழுத்து இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதரையில் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைப்பது மேல்.

காலையில் நானே பார்ப்பது பத்து நிமிஷ வேலை: ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் மட்டம், டயர் சூடாகும் முன் காற்று, ஸ்டெப்னியிலும் காற்று, பின் விளக்குகள், நின்ற இடத்தில் தரையில் சொட்டு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், மட்டம் சரியாக இருந்தாலும் மேனுவல் சொல்லும் கெடுவில் மாற்றிவிடுங்கள். டயர் மாற்றினால் ஒரு ஐம்பது, நூறு கிலோமீட்டரில் நட்டை மறுபடி முறுக்குங்கள். இதையெல்லாம் எந்த சர்வீஸும் நமக்காகச் செய்து தராது.

கூலியில் ஒர்க்‌ஷாப் மலிவு, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வாரண்டி இருக்கும்வரை கம்பெனி பில்லை விடாதீர்கள், க்ளெய்ம் என்று போய் நிற்கும்போது முதலில் கேட்பது அதைத்தான். எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, 8 வருஷம் வரை 2 வருஷத்துக்கு ஒரு முறை, அப்புறம் வருஷா வருஷம். எஃப்சிக்கு ஒரு மாதம் முன்பே பின் டிரம்மைக் கழற்றிக் காட்டும் ஆளிடம் விட்டுவிடுவது என் வழக்கம்.

மச்சான் வாரண்டி தை மாதம் முடிகிறது. இப்போதே மெக்கானிக்கிடம் பேசி வைத்துவிட்டான். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: வண்டியைக் கழுவிக் கொண்டு வர வேண்டும், மீன் வாடையோடு படுத்து வேலை பார்க்க அவரால் முடியாதாம்.