விமானப் பராமரிப்புப் பட்டம்: கட்டிய பணமும் கைக்கு வரும் சம்பளமும்

கொழும்புப் புறநகரில் உள்ள ஒரு தனியார் கல்வி நிறுவனத்தில், விமானப் பராமரிப்புத் துறையில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பை என் தங்கையின் மகள் 2024இல் முடித்தாள். அதற்காக எடுத்த வங்கிக் கடனுக்குப் பிணை நின்று கையொப்பமிட்டவன் நான். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்த பிள்ளைகளைத் தேடி அதே கற்கைநெறியின் விளம்பரம் இவ்வாண்டும் யாழ்ப்பாணத்துக்கு வந்திருப்பதால், எங்கள் வீட்டுக் கணக்கை அப்படியே இங்கு எழுதுகிறேன்.

கற்பித்தலில் நான் குறை காணவில்லை. விரிவுரையாளர்களில் சிலர் பல ஆண்டுகள் விமானங்களில் கைபட வேலை செய்தவர்கள். கழற்றிப் பூட்டிப் பழக ஒரு பழைய ஜெற் இயந்திரம் இருந்தது. தமிழில் பௌதிகம் படித்துச் சென்ற பிள்ளை முதல் ஆறு மாதம் ஆங்கிலத்தில் தடுமாறியபோது, வகுப்பு முடிந்த பின்னும் இருந்து விளங்கப்படுத்திய ஆசிரியர் ஒருவரை நாங்கள் இன்றும் நன்றியோடு நினைக்கிறோம்.

குறை, படிப்பை விற்ற விதத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் நடந்த அறிமுகக் கூட்டத்தில் எங்களுக்குக் காட்டிய சம்பளம், உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியியலாளரின் சம்பளம். பழுது பார்த்த விமானம் பறக்கத் தகுதியானது என்று கையொப்பமிடும் அதிகாரத்தைத் தருவது அந்த உரிமம். பட்டம் அதைத் தருவதில்லை. ஐரோப்பிய விதிமுறையில், ஜெற் விமானங்களின் இயந்திரப் பகுதிக்குரிய பி1 உரிமத்துக்குப் பாடத் தேர்வுகளோடு வேலை அனுபவமும் வேண்டும். அங்கீகாரம் பெற்ற அடிப்படைப் பயிற்சி நெறியை முடித்தவருக்கு 2 ஆண்டுகள் போதும். முன்பயிற்சி எதுவும் கணக்கில் எடுக்கப்படாதவருக்கு 5 ஆண்டுகள். எங்கள் பிள்ளை படித்த பட்டம் அந்த அங்கீகாரம் பெற்ற நெறி அல்ல என்பது மூன்றாம் ஆண்டில்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. "மாமா, பட்டம் இருக்கு, ஆனால் லைசன்ஸ் இல்லாமல் கையெழுத்து வைக்க ஏலாதாம்" என்று அவள் தொலைபேசியில் சொன்ன அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

படிப்பு முடிந்தபோது நின்ற கடன் 25 இலட்சம் ரூபாய். ஆண்டுக்கு 14 சதவீத வட்டியில் 60 மாதங்களில் கட்டுவதென்றால் மாதத் தவணை ஏறத்தாழ 58,170 ரூபாய். மொத்தமாகக் கட்டி முடிப்பது 34 இலட்சத்து 90 ஆயிரம். அதாவது வட்டி மட்டும் பத்து இலட்சத்தை நெருங்குகிறது. கட்டுநாயக்கவில் உதவித் தொழில்நுட்பவியலாளராக அவளுக்குக் கிடைத்த தொடக்கச் சம்பளம் 65,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழித்தால் கைக்கு வருவது 59,800. தவணை போக மிஞ்சும் 1,630 ரூபாயில் அறை வாடகையும் சாப்பாடும் பஸ் காசும் எப்படி அடங்கும்? எனவே தவணையில் பாதியை நான் கட்டுகிறேன். மறுபாதிக்குத் தங்கையின் ஆறு பவுண் நகை அடகில் இருக்கிறது, மச்சானின் வெங்காயச் செய்கை வருமானமும் அதற்கே போகிறது. அனுபவ ஆண்டுகள் நிறைந்து உரிமம் கைக்கு வரக்கூடிய காலமும் கடைசித் தவணை கட்டும் காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைகின்றன. விளம்பரத்தில் கண்ட சம்பளம் உண்மையாகவே வந்தாலும், கடன் இருக்கும் வரை அது எங்களுக்கு உதவப்போவதில்லை.

பட்டத்தை வழங்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கான ஆண்டுப் பதிவுக் கட்டணம் 1,500 டொலர் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. 2021இல் அது 3 இலட்சம் ரூபாய். 2022இல் ரூபாய் விழுந்து டொலர் 360ஐ எட்டியபோது அதே கட்டணம் 5 இலட்சத்து 40 ஆயிரமாகியது. அந்த ஆண்டு எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற குடும்பம், பிள்ளையின் படிப்பை இடையில் நிறுத்த மனமில்லாமல் அதையும் கடனில் சேர்த்தது. ரூபாயில் நிலையான கட்டணம் தராத எந்த நிறுவனத்தோடும் இனி நான் ஒப்பந்தம் செய்ய மாட்டேன்.

பலாலியில் 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டதைக் காட்டி, ஊரிலேயே வேலை கிடைக்கும் என்றும் சொன்னார்கள். சென்னையிலிருந்து இங்கு வந்து போவது ஏ.ரீ.ஆர். 72 ரகச் சிறு விமானங்கள். அவற்றின் பெரிய பராமரிப்பு வேலைகள் பலாலியில் நடப்பதில்லை.

சேர நினைப்பவர்கள் மூன்று விடயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: இந்த நெறி உரிமத்துக்கான அங்கீகாரம் பெற்றதா, முந்திய அணியில் எத்தனை பேர் உரிமம் பெற்றார்கள், 2017இல் தொடங்கிய அரசின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தில் இந்தப் பட்டம் அடங்குமா. எங்களுடையது அதில் அடங்கவில்லை. அடங்கியிருந்தால் அந்தத் திட்டத்தில் கிடைத்திருக்கும் தொகைக்காவது வட்டி கட்டியிருக்க வேண்டியதில்லை.

கற்பித்தலுக்கு ஐந்தில் நான்கு புள்ளிகள் கொடுப்பேன். கொடுத்த பணத்துக்கான பெறுமதிக்கு ஒன்றரை. மருமகள் இரவு வேலை முடித்து வந்து உரிமத் தேர்வுக்குப் படிக்கிறாள். இதுவரை நான்கு பாடங்களில் சித்தியடைந்திருக்கிறாள். ஒவ்வொரு பாடத்துக்கும் தேர்வுக் கட்டணம் தனி.