பிள்ளைகளோடு படம் பார்க்க: தியேட்டரா, ஓடிடியா?

பெங்களூரில் தமிழ்ப் படம் பார்க்க இரண்டு வழி. லால்பாக் ரோடு ஊர்வசியிலோ மால் மல்டிபிளெக்ஸிலோ முதல் வாரமே பார்த்துவிடலாம். இல்லையென்றால் சில வாரம் பொறுத்து ஓடிடியில் பார்க்கலாம். திரைக்கும் சத்தத்துக்கும் தியேட்டர்தான், அதில் பேச்சே இல்லை. தணிக்கைச் சான்றிதழில் யு (எல்லாரும் பார்க்கலாம்), யு/ஏ 7+ என்று இருந்தால் யோசிக்காமல் கிளம்புங்கள். யு/ஏ 16+, ஏ (பெரியவர்களுக்கு மட்டும்) என்று போட்டிருந்தால், வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கும்போது என் ஓட்டு ஓடிடிக்கே.

பெற்றோர் பார்த்து முடிவு செய்ய வேண்டிய யு/ஏ முன்பு ஒரே வகையாக இருந்தது. அதை 2023 திரைப்படச் சட்டத் திருத்தம் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தது. அந்த எண்கள் பெற்றோருக்கான வழிகாட்டி மட்டுமே. பத்து வயதுப் பையனோடு 16+ படத்துக்குப் போனால், அந்த எண்ணைக் காட்டி வாசலில் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. ஏ அப்படியல்ல. அப்பா அம்மா கூடவே வந்தாலும் 18 நிரம்பாதவரை உள்ளே விடக்கூடாது. விட்டால் தியேட்டர்காரர் தண்டனைக்கு ஆளாவார். 2025 ஆகஸ்ட் 14 அன்று வந்த 'கூலி'க்கு ஏ கிடைத்தது. யு/ஏ கேட்டுப் போட்ட மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ரஜினி படம்தானே என்று நான்கு டிக்கெட் போடுவதற்கு முன் படப் பெயரோடு இருக்கும் எழுத்தைப் பார்த்துவிடுங்கள். டப்பிங் பதிப்புக்குத் தனிச் சான்றிதழ் உண்டு. ஆகவே கன்னடக் காட்சிக்குப் போகிறவர்கள் கன்னடப் பதிப்புக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எனக்கு முடிவைத் தீர்மானிப்பது ஒன்றுதான்: ஏன் 16+ என்ற காரணம். வசவு வார்த்தைகளுக்காக வந்த 16+ வேறு, கழுத்தறுப்புக் காட்சிக்காக வந்த 16+ வேறு. முதலாவதைத் தாங்கும் பிள்ளை இரண்டாவதைப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்காது. தியேட்டர் போஸ்டரில் எழுத்தும் எண்ணும்தான் இருக்கும். ஓடிடியிலோ, 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி வன்முறை, மொழி, போதைப்பொருள் என்று காரணத்தையும் காட்டியாக வேண்டும். மோசமான காட்சி வந்தால் நிறுத்தலாம், தாண்டலாம்.

ஆனால் ஓடிடி தரத்தைத் தணிக்கை வாரியம் போடுவதில்லை. அந்தந்த நிறுவனமே போட்டுக்கொள்கிறது. தியேட்டருக்காக வெட்டிய காட்சி அங்கே திரும்பி வந்திருக்கவும் கூடும். இந்த ஒரு விஷயத்தில் தியேட்டரே மேல். அதனால் பூட்டு இல்லாத ஓடிடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பூட்டு வசதி கொடுப்பது கட்டாயம். அதைப் போடுவது நம் வேலை.

நெட்பிளிக்ஸ் என்றால் பிரவுசரில் கணக்குப் பக்கத்தைத் திறந்து, பிள்ளையின் புரொஃபைலில் வயது வரம்பை வையுங்கள். வரம்புக்குள் வந்தும் வேண்டாம் என்று தோன்றும் படத்தைப் பெயர் கொடுத்தே தடுக்கலாம். அடுத்து, பெரியவர்களின் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் நான்கு இலக்கப் பின் (ரகசிய எண்) வையுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்: பிள்ளையின் புரொஃபைலை மட்டும் பூட்டிவிட்டு அப்பாவுடையதைத் திறந்தே வைத்திருப்பார்கள். பிரைமில் கட்டுப்பாட்டை எந்தெந்தக் கருவிக்கு என்றும் தேர்ந்தெடுக்க வேண்டும். டிவியில் போட்டு போனில் விட்டால் பயனில்லை. கடைசியாக, புதுப் புரொஃபைல் சேர்ப்பதற்கும் பின் கேட்கும்படி வையுங்கள். இல்லையென்றால் பிள்ளை புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டு எந்த வரம்பும் இல்லாமல் பார்க்கும்.