கான்சிக்ளோவிர் கண் ஜெல்: களிம்பை விட எனக்கு ஒத்துவந்தது இதுதான்

ஹெர்பிஸ் வைரஸால் கருவிழியில் புண் வந்தால் டாக்டர்கள் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. 3% அசைக்ளோவிர் களிம்பு, இல்லாவிட்டால் 0.15% கான்சிக்ளோவிர் ஜெல். எனக்கு முதல் தடவை வந்தபோது களிம்பு, திரும்ப வந்தபோது ஜெல். புண்ணை ஆற்றுவதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் போட்டுக்கொண்டு அன்றாட வேலையைப் பார்ப்பது என்று வந்தால் என் ஓட்டு ஜெல்லுக்கே.

களிம்பை கீழ் இமையை இழுத்துப் பிடித்து ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். கண்ணை மூடித் திறந்தால் எண்ணெய்க் காகிதம் வழியாகப் பார்ப்பது போல எல்லாம் மங்கல், இமை முடியெல்லாம் பிசுபிசுப்பு, எரிச்சல் வேறு. இப்படி ஒரு நாளைக்கு 5 தடவை. படிக்கவோ வண்டி ஓட்டவோ வேண்டியவர்களுக்குப் பகல் நேர வேளையைத் தள்ளிப்போடத்தான் தோன்றும், ஆனால் இந்த மருந்தில் வேளை தவறினால் வைரஸுக்குத்தான் லாபம்.

ஜெல்லும் 5 தடவைதான், விழித்திருக்கும்போது சுமார் 3 மணி நேரத்துக்கு ஒன்று. ஆனால் ஒரே ஒரு சொட்டு. மங்கலாவது உண்மை, கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுகிறது. புண் ஆறிய பிறகு நாளைக்கு 3 தடவையாகக் குறைத்து இன்னும் 7 நாள் போட வேண்டும், இதைப் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள்.

இந்த இரண்டு மருந்திலும் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், வைரஸ் தன் நொதியாலேயே இவற்றைத் தூண்டிவிட்டுக்கொள்கிறது என்பது. அதனால் தொற்றுள்ள செல்களில்தான் பெரும்பாலும் வேலை நடக்கிறது. பழைய ட்ரைஃப்ளூரிடின் சொட்டு மருந்துக்கு அந்தப் பாகுபாடு கிடையாது, நல்ல செல்களையும் பதம் பார்க்கும், 21 நாளுக்கு மேல் போடக் கூடாது. அதையும் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை விட வேண்டும், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். அதோடு ஒப்பிட்டால் களிம்பே எவ்வளவோ மேல்.

அப்புறம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கண் சிவந்ததும் கடையில் கேட்டு வாங்கிவிடும் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. ஹெர்பிஸ் புண் இருக்கும் கண்ணில் வைரஸ் மருந்து இல்லாமல் அதை மட்டும் விட்டால் சிவப்பு குறைந்த மாதிரி தெரியும், உள்ளே புண் பரவும், பார்வையே போகலாம். டாக்டர் ஆரஞ்சு நிறச் சாயத்தை வைத்து நீல வெளிச்சத்தில் பார்க்கும்போது பச்சையாகக் கிளை கிளையாகப் பிரிந்து தெரிகிறதே, அந்தக் கோலத்தைப் பார்த்துத்தான் இது ஹெர்பிஸ் என்று பெரும்பாலும் முடிவு செய்கிறார்கள். கண்ணாடி முன்னால் நின்று நாமே கண்டுபிடிக்கும் சமாச்சாரம் இல்லை இது. வலி குறைந்துவிட்டது என்று நிறுத்துவதும் ஆபத்து, ஏனென்றால் இந்த நோய் கருவிழியின் உணர்ச்சியையே மழுங்கடிக்கும்.

ஜெல்லால் முடியாத காரியமும் உண்டு. வைரஸ் நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும், கண்ணில் போடும் எந்த மருந்தும் அங்கே எட்டாது. அடிக்கடி திரும்ப வருகிறவர்கள் மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அசைக்ளோவிர் 400 மி.கி. தினம் இரண்டு வேளை ஒரு வருடம் சாப்பிட்டவர்களுக்கு, அந்த வருடத்தில் நோய் திரும்புவது 32 சதவீதத்திலிருந்து 19 ஆகக் குறைந்ததாக 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது.

மருந்து போடும் நாட்களில் கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். குழாயின் நுனி கண்ணில் படக் கூடாது. மிச்சத்தை அடுத்த தடவைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், கண் மறுபடி சிவந்தால் காட்டிவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.